கடலில் கலக்கும் தண்ணீரும் முத்துப்பேட்டைக் காயலும்: ஒரு படகுப் பயணத்தின் நீர்க்கணக்கு

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் ஆண்டுகளில், "இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது" என்ற செய்தி தவறாமல் வருகிறது. அதற்கடுத்த சில வாரங்களிலேயே, முத்துப்பேட்டை லகூனுக்குச் சுற்றுலாப் பயணிகள் திரளுகிறார்கள் என்றும், அங்கே படகு வசதியைப் பெருக்க வேண்டும் என்றும் வேறொரு செய்தி வருகிறது. இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றியவை என்பது படிப்பவருக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. குடும்பத்தோடு வண்டி பிடித்துப் போய், "இன்று படகு இல்லை" என்ற பதிலோடு திரும்புபவர்களுக்கும் ஏன் இல்லை என்று விளங்குவதில்லை. மழை பெய்தால் படகை நிறுத்துகிறார்கள், கோடையில் தண்ணீர் குறைந்தாலும் நிறுத்துகிறார்கள், காட்டுக்குள் இறங்கக்கூடாது என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை அதிகாரிகளின் மனம்போன போக்காகத் தோன்றலாம். காவிரிப் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது, அங்கே கடல் எப்படி உள்ளே புகுகிறது என்பதை அடியிலிருந்து பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

முதலில் சில சொற்கள்

கடலோரத்தில், மணலும் சேறும் சேர்ந்த ஒரு மெல்லிய நிலத்துண்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒன்றோ சிலவோ வாய்களின் வழியாக மட்டும் கடலோடு தொடர்பு வைத்திருக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே காயல். இலங்கைத் தமிழர் இதைக் களப்பு என்பர். முத்துப்பேட்டையில் பயணச்சீட்டு கொடுப்பவர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோரும் 'லகூன்' என்றே சொல்கிறார்கள். ஆறு கடலைத் தொடும் இடம் கழிமுகம். உப்பு நீர் உள்நாட்டுக்குள் நெளிந்து நுழையும் வாய்க்கால் கழி அல்லது உப்பங்கழி. கழியும் அதன் கரையில் நிற்கும் கண்டல் மரமும் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் திரும்பத் திரும்ப வருபவை. ஆகவே இந்த நிலக்காட்சி தமிழுக்குப் புதிதன்று, அதைப் பார்க்கப் பணம் கட்டிப் படகேறும் வழக்கம்தான் புதிது.

கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது ஓதம். ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளித்தெரியும் சேற்றில் வளரும் காட்டுக்குச் சதுப்புநிலக் காடு, கண்டல் காடு, அலையாத்திக் காடு என்று பல பெயர்கள் உண்டு. அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாற்றி, அதுவே பேச்சு வழக்கில் அலையாத்தி ஆயிற்று என்பார்கள். டெல்டாவின் வட விளிம்பில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம். தென் விளிம்பில், பாக் நீரிணையைப் பார்த்தபடி முத்துப்பேட்டை. இரண்டாவதுதான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு. திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடலோரத்தில் ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் காப்புக்காடாக அது பரந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியில்தான் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. மீதி சேற்றுவெளி, உப்புப் படிந்த தரிசு, நீர்ப்பரப்பு.

தண்ணீர் வரும் வழி

கல்லணையில் காவிரி நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். முத்துப்பேட்டைக்கு வேண்டிய கிளை வெண்ணாறு. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில், அதாவது நீரைப் பிரித்துவிடும் மதகில், அது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மீண்டும் மூன்றாகிறது. இவற்றுள் கோரையாறும் பாமணியாறும் தெற்கே வளைந்து, வழிநெடுக மதகுகளில் நெல்வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வயல்களின் வடிகாலையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு, முத்துப்பேட்டைப் பக்கம் வந்து சேர்கின்றன. கந்தபரிச்சானாறு, கிளைதாங்கியாறு, மரைக்காகோரையாறு ஆகியவையும் இதே சதுப்பில்தான் முடிகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, இவற்றில் பெரும்பாலானவை மேலே பாசன ஆறாகவும் கீழே வடிகாலாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன என்பது. கடைமடையில் உள்ள கதவணைகள், உழவருக்கு வேண்டிய நன்னீர் கடலுக்குப் போய்விடாமலும், கடலின் உப்புநீர் வயலுக்கு ஏறி வராமலும் இரு பக்கமும் காவல் காக்கின்றன. கதவைத் தாண்டியதுதான் காயலுக்கு. சம்பா வயலுக்குப் போதாத ஆண்டில் காயலுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

எதிர்ப்புறத்தில் கடல். கோடிக்கரை முனையில் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்த முனைக்கு வடக்கே வங்கக் கடலின் அலை நேராக வந்து மோதும். தெற்கே, இலங்கைத் தீவின் மறைவில், கடல் அடங்கிக் கிடக்கும். ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்று சொல்வது இந்த அடக்கத்தினால்தான். அலை குறைந்த இடத்தில் ஆறு கொண்டுவரும் வண்டல் அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடும். ஓதத்தின் ஏற்ற இறக்கமும் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே கடல் ஒரு நாளில் உள்ளே தள்ளும் நீரும் குறைவு, வெளியே இழுக்கும் நீரும் குறைவு. முத்துப்பேட்டைக் காயல் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லாமல் பரந்து கிடப்பதற்கும், படகின் அடி திடீரென்று சேற்றில் உரசி நின்று, ஓட்டுபவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு நீண்ட கம்பை ஊன்றித் தள்ளுவதற்கும் காரணம் இந்தப் புவியியல்தான். அதை ஓட்டுபவரின் கவனக்குறைவு என்று நினைத்துவிடக்கூடாது.

ஓர் ஆண்டில் ஒரே காயல் பலவாக மாறுவது

சுற்றுலா விளம்பரங்கள் காயலை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்கும் ஓர் இடம்போலக் காட்டுகின்றன. உண்மையில் அதன் உப்பும் ஆழமும் நிறமும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

1. ஜூன் முதல் செப்டம்பர் வரை: வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. தண்ணீர் கல்லணை வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கடைமடையைத் தொட வாரங்கள் ஆகும். வந்தாலும் அது முதலில் குறுவைக்கு. காயலில் இன்னும் கோடை உப்புதான்.

2. அக்டோபர் முதல் டிசம்பர் வரை: டெல்டாக் கடலோரத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. ஆறுகள் கலங்கிச் செந்நிறமாக ஓடி வந்து காயலை நிரப்புகின்றன. நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். காட்டுக்கு இதுதான் உயிர்க்காலம். பயணிகளுக்கு இது ஆபத்தான காலமும்கூட, ஏனெனில் புயல் வருவதும் இதே மாதங்களில்தான்.

3. ஜனவரி முதல் மார்ச் வரை: மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. ஆற்று நீரின் கலங்கல் தெளிந்து, ஆழம் இன்னும் குறையாமல், வலசை வந்த பறவைகளும் தங்கியிருக்கும் இடைவெளி. படகுப் பயணத்துக்கு ஏற்ற காலம் எது என்று கேட்டால் இதுதான்.

4. ஏப்ரல், மே: ஆற்றிலிருந்து எதுவும் வருவதில்லை. வெயில் நீரை உறிஞ்ச, உப்பு பின்தங்குகிறது. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். காயலின் ஒதுங்கிய மூலைகளிலும் சேற்றுக் குட்டைகளிலும் உப்பு அதையும் தாண்டிவிடும். ஆழம் குறைந்து, படகு போகும் தடமும் சுருங்கும்.

மரம் உப்பைக் கையாளும் விதம்

முத்துப்பேட்டைக் காட்டில் பத்தில் ஒன்பது மரத்துக்கும் மேல் ஒரே இனம், வெண்கண்டல் எனப்படும் அலையாத்தி. அதன் இலையை வெயில் நேரத்தில் விரலால் தடவிப் பார்த்தால் நறநறவென்று பொடி ஒட்டும். நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வெளியே தள்ளுவதால் படியும் பொடி அது. மரத்தைச் சுற்றிய சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று புகாது. ஆகவே மரம் தன் வேர்களை வெளியே அனுப்பி மூச்சு வாங்குகிறது. ஓதம் வற்றிய நேரத்தில் அந்த வேர்களுக்கு நடுவே ஒற்றைக் கொடுக்குப் பெருத்த சிறு நண்டுகள் வளைக்கு வெளியே நின்று கொடுக்கை ஆட்டுவதையும், துடுப்பையே காலாக ஊன்றிச் சேற்றில் தத்தித் தாவும் மீனையும் படகிலிருந்தே பார்க்கலாம். காட்டுக்குள் இறங்கி நடக்கக்கூடாது என்ற தடைக்கு ஒரு நேரடிக் காரணம் இந்த மூச்சுவேர்கள்தான். ஒரு கூட்டம் நடந்து போன தடத்தில் அவை ஒடிந்துவிட்டால் மரம் மூச்சு முட்டும்.

இரண்டாவது காரணம் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம் இங்கும் நிற்கிறது. கிளையை ஒடித்தால் வடியும் அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. படம் எடுப்பதற்காகக் கிளையை வளைத்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பிச்சாவரத்தில் நிலைமை வேறு. அங்கே வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை தன் வளைந்த தாங்குவேர்களை நீருக்குள் ஊன்றி நிற்கிறது. சுற்றுலாப் படங்களில் வரும் குகைபோன்ற பசுமை வழி அதுதான். அந்தக் காட்சியை எதிர்பார்த்து முத்துப்பேட்டைக்கு வருபவர்கள் ஏமாறுகிறார்கள். முத்துப்பேட்டையின் அழகு அகன்ற ஆறும் திறந்த நீர்வெளியும்.

வெட்டிய கதையும் மீட்ட கதையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தக் காட்டின் ஒரு பகுதி சத்திரங்களின் நிர்வாகத்தில் இருந்தது. மரம் விற்ற வருவாயில் ஒரு பங்கு சத்திரங்களை நடத்தச் செலவாயிற்று. பிறகு வனத்துறையின் கீழ், காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் முறைவைத்து மொட்டையாக வெட்டும் வழக்கம் வந்தது. மலைக்காட்டில் வெட்டிய இடம் மீண்டும் துளிர்க்கும். சதுப்பில் நடந்தது வேறு:

1. மரம் போனதும் சேறு நேரடியாக வெயிலில் காய்ந்தது.
2. காய்ந்த மண்ணும் மக்கிய வேரும் இறுகி, வெட்டிய கூறின் நடுப்பகுதி தட்டுப்போலப் பள்ளமாயிற்று.
3. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர், ஓதம் வற்றும்போது அந்தப் பள்ளத்திலிருந்து வெளியேற முடியாமல் தேங்கியது.
4. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. அலையாத்தி விதைகூட முளைக்க முடியாத உப்பு.

காடு தானாகத் திரும்பாததற்குக் காரணம் விதைப் பஞ்சமன்று, தேங்கிய நீர் என்று கண்டறிந்த பிறகு மருந்து எளிதாயிற்று. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, இயற்கைக் கழியிலிருந்து ஒரு முதன்மை வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டும் முறையைப் பரவலாக்கின. மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும் என்பதால் மீன்முள் கால்வாய் என்றே பெயர். ஓதநீர் உள்ளே போய் வெளியே வர வழி கிடைத்ததும் உப்பு கழுவப்பட்டு, வாய்க்கால் கரைகளில் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. முத்துப்பேட்டை மீனவர்கள் இதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடித்து வந்தவர்கள் என்பதையும், அந்த வாய்க்கால் ஓரங்களில் மரம் செழித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மருந்தின் பாதி ஏற்கெனவே ஊரிலேயே இருந்தது என்று சொல்லலாம்.

பிறகு கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததுதான் செய்தியில் நிறைந்திருந்தது. அதே காற்று முத்துப்பேட்டைக் காட்டின் இலைகளை உருவி, கிளைகளை முறித்து, பல இடங்களில் பட்ட மரங்களை மட்டும் விட்டுச் சென்றது. அலையாத்தி ஒடிந்த இடத்துக்குக் கீழிருந்து மறுபடி துளிர்க்கக்கூடிய மரம். சுரபுன்னைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. படகில் போகும்போது ஒரு பக்கம் பசுமையும் மறு பக்கம் வெளுத்த கட்டைகளும் தெரிந்தால், புயல் தின்ற இடம் எது, தேங்கிய உப்பு தின்ற இடம் எது என்று படகோட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

'வீணாக' என்ற சொல்லின் கணக்கு

காவிரி நடுவர் மன்றம் 2007இல் தந்த இறுதித் தீர்ப்பு, ஆற்றின் மொத்த நீரை 740 டிஎம்சி என்று எடுத்துக்கொண்டு பங்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்பது பலருக்கும் தெரியும். இவற்றைக் கூட்டினால் 726தான் வரும். மீதி 14 டிஎம்சியில் 10 சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு. 4 தவிர்க்க முடியாமல் கடலில் சேரும் நீர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கைக் கூட்டி, தமிழகத்துக்கு, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தபோதும் இந்தச் சுற்றுச்சூழல் ஒதுக்கீட்டைக் கைவிடவில்லை.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். அந்த 10 டிஎம்சி முழு ஆற்றுக்கும் பொதுவானது. முத்துப்பேட்டைக்கென்று தனிப் பங்கு எதுவும் அதில் இல்லை. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி கொண்ட மேட்டூர் அணையோடு ஒப்பிட்டால் அந்த ஒதுக்கீடு எவ்வளவு சிறியது என்பது தெரியும். வெள்ளம் வரும் ஆண்டில் இதைவிடப் பல மடங்கு நீர் கடலுக்குப் போகிறது என்பது உண்மை. அதில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகப் போவது. ஆகவே "கடலில் இவ்வளவு கலந்தது" என்ற எண்ணை வைத்து முத்துப்பேட்டைக்கு நன்னீர் போதுமான அளவு கிடைத்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. கொள்ளிடத்தில் கரைபுரளும் அதே வாரத்தில் கோரையாற்றின் கடைமடை வறண்டு கிடக்கக்கூடும்.

கதவணையைத் தாண்டும் நன்னீருக்கு மூன்று வேலைகள் உண்டு. உப்பைக் கரைத்து விதை முளைக்க இடம் தருகிறது. வண்டலைக் கொண்டுவந்து, கரைந்துபோகும் கரைக்கு மண் சேர்க்கிறது. மூன்றாவது, பணத்தோடு தொடர்புடையது: இறால் கடலில் முட்டையிடுகிறது, குஞ்சு கரைக்கு வந்து, உப்பு குறைந்த காயலில் அலையாத்தி வேர்களின் மறைவில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. களி நண்டும் மடவையும் கொடுவாயும் ஏதோ ஒரு பருவத்தில் இந்த நீரைத் தேடி வருபவை. காயலில் வளராத இறால் கடலில் வலையிலும் விழாது. மீன் ஏலத்தில் கிடைக்கும் விலையை டிஎம்சியாகப் பார்க்க நாம் பழகவில்லை. அதனால்தான் 'வீண்' என்ற சொல் இவ்வளவு எளிதாக வாயில் வருகிறது.

படகு: துடுப்பா, இயந்திரமா?

பிச்சாவரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் துடுப்புப் படகுகளையும் இயந்திரப் படகுகளையும் விடுகிறது. படகுத்துறையிலிருந்து சிறிது தூரத்திலேயே காடு தொடங்கிவிடுவதால் துடுப்புப் படகு போதும். குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். முத்துப்பேட்டையில், படகு புறப்படும் ஜாம்பவானோடையிலிருந்து கோரையாற்றில் வெகுதூரம் போன பிறகே காயல் விரிகிறது. வெயிலிலும் எதிர்காற்றிலும் அவ்வளவு தூரம் துடுப்புப் போடுவது பயணிகளுக்கு ஆகாத காரியம்; ஆகவே இயந்திரம். பிச்சாவரத்தைக் காட்டி, முத்துப்பேட்டையிலும் அப்படியே செய்யலாமே என்று கேட்பவர்கள் இந்தத் தூர வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை.

இயந்திரப் படகால் வரும் கேடு இரண்டு. வேகமாகப் போகும் படகுக்குப் பின்னே எழும் அலை, அலையே அறியாத சேற்றுக் கரையில் மோதி மண்ணைச் சரிக்கிறது. கரையோர மரத்தின் வேர் வெளியே தொங்குவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். ஆழமற்ற இடத்தில் சுழலும் விசிறி அடிச்சேற்றைக் கலக்கி, ஒளி புகாமல் செய்துவிடுகிறது. இரண்டையும் வேகக் கட்டுப்பாட்டால் குறைக்க முடியும். நீர் ஸ்கூட்டர் போன்ற வேக விளையாட்டுகளை இங்கே கொண்டுவர வேண்டும் என்று அவ்வப்போது எழும் கோரிக்கை, இடத்தின் ஆழத்தை அறியாத கோரிக்கை. ஓசையில்லாமல் செல்லும் கயாக் போன்ற சிறு துடுப்புப் படகுகளை, வழிகாட்டியோடு, குறித்த தடத்தில் விடுவது பொருத்தமானது.

உயிர்காப்புச் சட்டை விஷயத்தில் மட்டும் எந்தப் பேரமும் கூடாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், கழிமுகத்தில் போன ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். இடுப்பளவு நீர்தானே என்ற எண்ணம் முத்துப்பேட்டையில் பலருக்கு வருகிறது. அடியில் இருப்பது மணலன்று, கால் புதைந்தால் எளிதில் விடாத சேறு. உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், 2021, இயந்திரப் படகுகளுக்குப் பதிவையும் தகுதி ஆய்வையும் கட்டாயமாக்குகிறது. எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுவது பயணியின் உரிமை.

அனுமதியைச் சுற்றியுள்ள சட்ட அடுக்குகள்

ஒரே இடத்தின்மேல் பல சட்டங்கள் படிந்திருப்பதுதான் குழப்பத்தின் ஊற்று.

1. காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். படகுப் பயணத்துக்கு வனத்துறையின் ஒப்புதல் தேவைப்படுவது இதனால்தான். சொந்தப் படகு வைத்திருக்கிறேன், நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது.

2. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2019. அலையாத்திக் காடு இதன் மிகக் கடுமையான பிரிவில் வருகிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்தியைச் சுற்றி 50 மீட்டர் காப்பு வளையம் விடப்பட வேண்டும். விடுதி, உணவகம் எல்லாம் ஆற்றின் உள்ளே இல்லாமல் ஊரில்தான் இருக்க முடியும் என்பதற்கு இது காரணம். அதே அறிவிக்கை, ஒப்புதல் பெற்ற திட்டத்தில் இடம்பெற்றிருந்தால் அலையாத்திக்குள் நடைபாதை, குடில் போன்ற சூழல் சுற்றுலா ஏற்பாடுகளுக்கு இடம் தருகிறது. எனவே முழுத் தடை என்பதும் தவறு, எது வேண்டுமானாலும் கட்டலாம் என்பதும் தவறு.

3. ராம்சர் தகுதி. கோடிக்கரை சரணாலயம், பஞ்சநதிக்குளம் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பிச்சாவரம் 2022இல் சேர்ந்தது. இது ஈரநிலங்களைக் காக்கும் ஒரு பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் அரசு ஏற்ற பொறுப்பு. தனியாகத் தண்டனை எதையும் அது விதிப்பதில்லை. தண்டிப்பவை மேலே சொன்ன உள்நாட்டுச் சட்டங்களே. 'ராம்சர் தகுதி கிடைத்தது, இனி காடு காப்பாற்றப்பட்டுவிட்டது' என்று எழுதப்படும்போது இந்த வேறுபாடு விடுபட்டுவிடுகிறது.

முகத்துவாரத்தைத் தூர்வாரினால் போதுமா?

காயலின் வாய் தூர்ந்துபோயிற்று, வாரினால் படகும் போகும், மீனும் வரும் என்பது மீனவர்களும் சுற்றுலா ஆர்வலர்களும் ஒருசேர வைக்கும் கோரிக்கை. அதில் நியாயம் உண்டு: வாய் அடைபட்டால் ஓதம் உள்ளே வந்து போவது குறையும், தேங்கிய நீரில் உப்பு ஏறும், மேலே சொன்ன பள்ளத்தின் கதை பெரிய அளவில் நடக்கும். ஆனால் வாரிய வாய் வழியாக வருவது கடல்நீர். ஆற்றிலிருந்து நன்னீர் வராத கோடையில் வாயை மட்டும் அகலப்படுத்தினால், உப்புநீர் கதவணை வரை தடையின்றி ஏறும். கரையோரக் கிணறுகள் அதை முதலில் உணரும். அதுமட்டுமன்றி, அலை குறைந்த இந்தக் கடலில் வாரிய பள்ளத்தை வண்டல் சில பருவங்களில் மீண்டும் நிரப்பிவிடும். ஆற்றின் வேகமே வாயைத் திறந்து வைக்கும் இயற்கைக் கருவி; மழைக்காலத்தில் கோரையாறும் பாமணியாறும் வேகத்தோடு வந்து சேர்ந்தால் அந்த வேலையை அவை தாமே பெருமளவு செய்யும். தூர்வாரும் திட்டத்தை மதிப்பிடும்போது எத்தனை கன மீட்டர் மண் வாரப்படும் என்பதோடு, அதே ஆண்டில் கடைமடைக் கதவுகள் எத்தனை நாள் திறந்திருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டியவை

முத்துப்பேட்டை, திருவாரூர் – காரைக்குடி ரயில் பாதையில் இருக்கிறது. அங்கிருந்து ஜாம்பவானோடை அருகில்தான். புறப்படும் முன் வனத்துறை அலுவலகத்தில் படகு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்; புயல் எச்சரிக்கைக் கொடி ஏறியிருந்தால் கேட்கவே வேண்டாம். காலைப் பயணம் பறவைக்கும் நல்லது, வெயிலுக்கும் நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் கூடுதலாக ஏறும் என்பதால் ஆழமற்ற தடங்களிலும் படகு போக வாய்ப்பு அதிகம்; ஆனால் அதே நாட்களில் வற்றமும் கூடுதல், திரும்பும் நேரத்தைப் படகோட்டி சொல்வதுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். காயலில் குடிநீர் கிடையாது, நிழலும் அரிது. கொண்டுபோன தண்ணீர்ப் புட்டிகளை எண்ணி எடுத்துச் சென்று எண்ணித் திரும்பக் கொண்டுவருவது நல்லது. மூச்சுவேர்க் கூட்டத்தில் சிக்கிய நெகிழியை ஓதமும் வெளியே கொண்டுபோகாது. பறவைகளுக்காகவே போகிறவர்கள் அதே திருவாரூர் மாவட்டத்தில் உள்ள உதயமார்த்தாண்டபுரத்தையும் வடுவூரையும் சேர்த்துத் திட்டமிடலாம். அவை காயல்கள் அல்ல, ஏரிகள். ஆனால் அவற்றை நிரப்புவதும் மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர்தான் என்பதால், அணை தாமதமாகத் திறந்த ஆண்டில் அங்கே கூடு கட்டும் பறவைகளின் எண்ணிக்கையும் குறையலாம்.